உப்பு ஏறாத ரகம்

அன்பு மகளுக்கு,

உன் ஆய்வுக்கூடத்தில் உப்புத் தீவனம் தின்றால் சில ரக எலிகளுக்கு மட்டுமே ரத்த அழுத்தம் எகிறுகிறது, அவற்றுக்கு இன்சுலினும் சரியாக வேலை செய்வதில்லை, கொழுப்பும் ஏறுகிறது என்று போனில் சொன்னாய். நான் உப்பு ஏறாத மற்ற ரகம் என்று சொல்லி, நீ கூப்பிட்டும் உன் வீட்டுக்கு வந்து இருக்க மறுத்தேன். உன் அப்பா போனபின் தனியாகச் சமாளித்தவள் அல்லவா?

நேற்று டாக்டர், "பாட்டி, உங்களுக்கு பிரஷர், சுகர், கொழுப்பு மூணுமே இருக்கு. உப்பைக் குறைங்க, தனியா இருக்காதீங்க" என்றார்.

"முதல்ல பாட்டின்னு கூப்பிடறதைக் குறைங்க" என்றேன். சிரித்தார், மாத்திரையைக் குறைக்கவில்லை.

உப்பில்லாத சூப் இரண்டாவது வாய் இறங்கவில்லை. உன் எலிகள் எப்படித்தான் தின்கின்றனவோ!

ஞாயிற்றுக்கிழமை பெரிய பெட்டியாகக் கொண்டு வா. புடவைகளை நானே அடுக்குகிறேன். உனக்குக் கசங்காமல் மடிக்க வராது.

உன் அம்மா