மலர் வீட்டுச் சுவரில் உங்கள் படம் இல்லை

என் அன்பு அண்ணா,

ஆக்லாந்தில் குளிர் தொடங்கிவிட்டது. நீங்கள் இருந்திருந்தால், "மப்ளரைக் கட்டுடா" என்று அதட்டியிருப்பீர்கள். சொல்ல வந்தது அதுவல்ல. நம் மகள் மலரைப் பற்றி.

பினாங்கில் அவளைச் சீனப் பள்ளியில் சேர்க்கச் சொன்னது நீங்கள்தான். "மேல உள்ளவங்க சீனத்துல என்ன பேசுறாங்கன்னு தெரியாமத்தான் ஃபேக்டரியில நாங்க ஏமாந்தோம். இவ ஏமாறக் கூடாது" என்றீர்கள். நான் மறுக்கவில்லை. உங்களிடம் எதை மறுத்திருக்கிறேன்?

அந்தச் சீன மொழியால்தான் இன்று இங்கே ஒரு மென்பொருள் நிறுவனத்தில் மேலாளராக இருக்கிறாள். அவளுக்குக் கீழே வேலை செய்கிறவர்கள் சீனாவின் ஷென்ஜெனில். இவள் ஐந்து மணிக்கு மவுண்ட் ஆல்பர்ட் வீட்டுக்கு வந்துவிடுவாள். அவர்களுக்குக் காலை ஒன்பது முதல் இரவு ஒன்பது வரை, வாரம் ஆறு நாள்.

ஒருநாள் அவள் கணினித் திரையில் அந்த அலுவலகத்தைப் பார்த்தேன். விளக்கை அணைத்து, மேசைக்குப் பக்கத்தில் மடக்குக் கட்டில் போட்டு எல்லோரும் தூங்கினார்கள்.

"மதியம் தூங்க விடுறாங்களே, நல்ல கம்பெனி."

"ஐயோ அப்பா, ராத்திரி வரைக்கும் உக்காரணும்லா. தூங்காம எப்படி?" என்று சிரித்தாள்.

அவர்களில் லின் என்றொரு பெண். மலருக்குத் தங்கச்சி மாதிரி. ஊரிலிருந்து தேயிலை அனுப்புவாள், நானும் குடித்திருக்கிறேன். சட்டத்தில் உள்ள வேலை நேரத்தைச் சேர்ந்து கேட்போம் என்று லின் கைப்பேசியில் ஒரு குழு தொடங்கினாள். நம்பி மலரையும் சேர்த்தாள்.

அந்தக் குழுவில் என்ன பேசுகிறார்கள் என்று இங்குள்ள மேலதிகாரி கேட்டாராம். மலர் வரி வரியாக ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தாள், பெயர்களோடு. லின்னுக்கு வேலை போய்விட்டது.

"நான் பொய் சொல்லலையே அப்பா. கேட்டாங்க, கொடுத்தேன். எனக்கும் வீட்டு மோர்ட்கேஜ் இருக்குலா."

ஃபேக்டரியில் நீங்கள் யூனியனுக்கு ஆள் சேர்த்தபோது உங்கள் பெயரை மேலே கொண்டுபோனது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. "கூட உக்காந்து டீ குடிச்சவன்தான்" என்று மட்டும் சொல்வீர்கள். அந்த முகம் நம் வீட்டிலும் இருக்கும் என்று நினைத்தீர்களா, அண்ணா?

ஓய்வூதியத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்கு அவளைக் கேட்க உரிமை உண்டா? ஆனால் அவள் வீட்டுக் கூடத்தில் மாலை போட்ட உங்கள் படத்துக்கு நேராக உட்கார என்னால் முடியவில்லை. அவள் கடைக்குப் போனபோது கழற்றி, துண்டில் சுற்றி என் வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். ஆணியை மட்டும் விட்டுவிட்டேன்.

"பெரியப்பா படம் எங்கப்பா?" என்று போனில் கேட்டாள்.

"தூசி துடைக்க எடுத்தேன்மா" என்றேன். என் தைரியம் உங்களுக்குத் தெரியும்.

இதையெல்லாம் நான் எழுதத் துணிவதும் அவள் வாசிக்கமாட்டாள் என்பதால்தான். சீனப் பள்ளியில் படித்தவளுக்குத் தமிழ் வாசிக்க வராது. ஆனால் காதால் கேட்டால் புரியும். ஞாயிற்றுக்கிழமை படத்தை வாங்க வருகிறாள். ஏன் எடுத்தேன் என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லாமல் அதைக் கொடுக்கமாட்டேன். சொல்லிவிடுவேன், அண்ணா.

உங்களை ஒருபோதும் எதிர்த்துப் பேசாத,
உங்கள் தம்பி