ஹெல்மர் நிற்காது

1993 ஜனவரி 10, ஞாயிறு

பூசைக்கு உடுத்துப் போன சேலையிலும் எஞ்சின் எண்ணெய் மணம். முன் வாங்கில் இருந்த மனிசி இரண்டு தரம் திரும்பிப் பார்த்தா. நான் மாதாவைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

இந்தப் பனிநாட்டில், வெக்ஸ்போர்ட்டில் இத்தனை தமிழ்ச்சனம் இருக்கிறது. பின்வளவில் பனியில் ஓட்டுகிற ஸ்னோமொபீல் வண்டி நிற்கிற தமிழ் வீடு எங்களுடையது ஒன்றுதான். இவர் புல்வெட்டி மெசினும் பனிதள்ளி மெசினும் திருத்துகிற கடையில் வேலை. அங்கே ஆரோ கழித்துவிட்ட பழைய ஹெல்மர் கொம்பனி வண்டி ஒன்றைக் கொண்டுவந்து உயிர் கொடுத்து, மூன்று பனிக்காலமாகச் சிம்கோ ஏரிக்கு ஓடுகிறார். ஐசில் ஓட்டை போட்டு மீன்பிடிப்பு. கடலில் பிறந்த மனிசனை ஏரியாவது பார்க்க விடுவோம் என்று நானும் பேசாமல் இருந்தேன்.

இன்றைக்கு இரண்டாவது சனியனும் வந்து சேர்ந்துவிட்டது. கீழே பேஸ்மென்ற்றில் இருக்கிற என் தம்பி பேனாட், டிரெயிலரில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினான். ஹெல்மர் இல்லை. ரைக்கா.

“அத்தான், தண்ணியால குளிர்ற எஞ்சின். சத்தத்தைக் கேளுங்கோ, தையல் மெசின் மாதிரி.”

இவர் கிட்டவே போகவில்லை. படியில் நின்றபடி, “பனி இல்லாட்டி என்ன செய்வாய்? உந்தத் தண்ணி ஆறுறதுக்கு அடியில பனி அடிக்கவேணும். வெறும் ஐசில ஓடினால் கொதிச்சுப்போய் நிண்டிடும். ஹெல்மருக்கு விசிறி. காத்து இருக்கிற இடமெல்லாம் ஓடும். ஹெல்மர் நிக்காது” என்றார்.

“ஓடும், ஓடும். மாட்டுவண்டில் மாதிரி.”

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். இரண்டு பேருக்கும்தான். எனக்கு மணத்தில் வித்தியாசமே தெரியவில்லை.

ஜனவரி 16, சனி

பின்னேரம் வந்தார்கள். ஒரு வாளி மீன். குழம்பு வைத்தேன், பொரித்தேன். சாப்பிட்டு முடியும்வரை எஞ்சின் கதை. ரைக்கா அக்கரைக்குப் போய்த் திரும்பி வரும்போது ஹெல்மர் பாதி வழியில்தான் ஊர்ந்துகொண்டிருந்ததாம். ஊர்ந்தாலும் பெல்ற் அறுபடவில்லை, கொதிக்கவில்லை என்று இவர். இன்னும் பத்து வருசத்தில் பனியிலும் நாலு ஸ்ரோக் எஞ்சின் வரும், புகையும் இராது என்று தம்பி. “நாலு ஸ்ரோக் பாரம். அதை ஆர் பனிக்குள்ளால தூக்கிறது? நீயோ?” என்று இவர். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

ஒரு விசயத்தில் மட்டும் ஒற்றுமை. ஏரிக்குத் தனியப் போவதில்லை. ஒன்று நின்றால் மற்றது இழுத்து வரும்.

ஜனவரி 24, ஞாயிறு

எல்லாம் முடிஞ்சுது. என்ர வாயால நானே சோத்துக்குக் கூப்பிட்டு, என்ர மேசையிலயே முடிஞ்சுது.

முதலில் வழக்கமான பகிடிதான். ரைக்காவின் பிளக் கரி பிடித்துவிட்டது என்று இவர் சொன்னார். அத்தோடு விட்டிருக்கலாம். “ஹெல்மர் எண்டால் நிக்காது” என்று பிறகும் சொன்னார்.

தம்பி சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவன் கையை எடுத்தான்.

“அப்பாவின்ர ஹெல்மர் என்னண்டு நிண்டது அத்தான்?”

ஏழு வருசம் இந்த வீட்டில் ஒருவரும் கேட்காத கேள்வி. கடல் கடந்து இராமேஸ்வரம் வந்த அந்த முறை இரண்டு படகு. இரண்டிலும் ஹெல்மர் எஞ்சின். இரண்டையும் கழற்றிப் பூட்டித் தந்தது இவர்தான். எங்களுடைய படகை இவர் ஓட்டினார். நானும் தம்பியும் அதில். அப்பா பின்னால் மற்றதை ஓட்டிக்கொண்டு வந்தார். நடுக்கடலில் பின்னால் வந்த சத்தம் நின்றது. மூன்று பேரும் கேட்டோம். தூரத்தில் நேவியின் வெளிச்சம். இவர் திருப்பவில்லை. திருப்பியிருந்தால் நாங்களும் இல்லை, அது எனக்குத் தெரியும், தம்பிக்கும் தெரியும். அப்பா கரைக்கு வரவேயில்லை.

இவருக்கு ஹெல்மர் எங்களைக் கொண்டுவந்து சேர்த்த எஞ்சின். அவனுக்கு அது அப்பாவை விட்டுவிட்டு வந்த எஞ்சின். அதுதான் சண்டை. பனியும் இல்லை, விசிறியும் இல்லை.

இவர் என்ன சொல்லியிருக்கலாம்? ‘எஞ்சின்தான், மாமா என்ன செய்வார்’ என்று ஒரு சொல். சொன்னாரா? முகம் கறுத்து, “எஞ்சினில பிழையில்லை. ஓட்டினவன் பாத்து ஓட்டியிருந்தால் நிண்டிராது” என்றார்.

“செத்த மனிசனிலயோ பழி போடுறியள்?”

எழும்பிவிட்டான். கோப்பையில் சோறு அப்படியே. நான் குறுக்கே நின்று கையைப் பிடித்தேன், உதறிவிட்டுப் போனான்.

ஜனவரி 25

தம்பி பிக்கரிங்கில் கூட்டாளி வீட்டுக்குப் போய்விட்டான். ரைக்காவும் போய்விட்டது.

பெப்ரவரி 7, ஞாயிறு

இவர் கடையால் வந்து ஹெல்மரோடு இருக்கிறார். துடைத்ததைத் துடைக்கிறார். இன்றைக்குப் போய் முன்னால் நின்றேன்.

“எஞ்சினில பிழையெண்டு சொன்னால் உங்களுக்கு என்ன குறைஞ்சா போகும்? இரும்புதானே! அதுக்கு ரோசம் வருமோ?”

“எஞ்சினை நான் பூட்டினனான் பேபி.”

அவ்வளவுதான் சொன்னார். வந்து கோப்பை கழுவினேன். எஞ்சினில் பிழை என்றால் அது தன் கையில் பிழை என்று இந்த மனிசன் நினைத்துக்கொண்டிருக்கிறார். அதற்காக அப்பாவின் தலையில் கட்டுவதா? எனக்கு இவரில் கோபம் கோபமாய் வருகிறது. பாவமாகவும் இருக்கிறது. கோபம்தான் கூட.

தம்பிக்குப் போன் எடுத்தேன். “அத்தான் கதைச்சால் கதைக்கிறன் அக்கா.” இவரிடம் சொன்னால், “அவன் வரட்டும்.” நான் என்ன தபால்காரியோ?

பெப்ரவரி 19, வெள்ளி

மழை. பெப்ரவரியில் மழை! வளவில் இருந்த பனி எல்லாம் கரைந்து போயிற்று. ஏரியும் கரைந்து போகட்டும் மாதாவே, இந்த வருசத்துக்கு இந்த விளையாட்டு முடியட்டும்.

பெப்ரவரி 24, விபூதிப் புதன்

கரையவில்லை. திரும்ப உறைந்துவிட்டது, கண்ணாடி மாதிரி. கோயிலில் தம்பி வந்திருந்தான், நெற்றியில் சாம்பலோடு இவருக்குப் பக்கத்தால்தான் போனான். இரண்டு பேரும் கூரையைப் பார்த்தார்கள்.

வெளியில் என்னிடம் மட்டும் சொன்னான், சனிக்கிழமை ஏரிக்குப் போகிறானாம்.

“ஆரோட?”

“தனியத்தான். ரைக்கா இருக்குத்தானே.”

“பனி இல்லையேடா. வெறும் ஐஸ். கொதிக்கும் எண்டு அவர்…”

“அவற்ற கதையை என்னட்டைச் சொல்லாதேங்கோ.”

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் நான். ‘அவர்’ என்ற ஒரு சொல்லுக்காகவே இவன் இனிப் போவான்.

பெப்ரவரி 27, சனி

தம்பியைக் காணவில்லை.

ஆறு மணிபோலப் போன் வந்தது. ஏரிக்கரையில் மீன்குடில் வாடகைக்கு விடுகிற வயதான வெள்ளைக்காரர். உங்கள் ஆள் காலையில் இறங்கினவர், இருட்டுப்படுகிறது, கார் இன்னும் இங்கேதான் நிற்கிறது என்றார். பொலிசுக்கும் சொல்லியிருக்கிறாராம். அவசரத்துக்கு ஒரு நம்பர் தா என்று கேட்டதற்குத் தம்பி எங்கட நம்பரைத்தான் குடுத்திருக்கிறான். கோபம் எண்டு போனவன். எங்கட நம்பரைத்தான்.

இவர் என் முகத்தைப் பார்த்தார். போய் ஹெல்மரை டிரெயிலரில் ஏற்றினார். நானும் வாறன் என்றேன், “போனடியில ஆள் வேணும்” என்றார். கதவடியில் நின்று, “கிழக்கு மூலைக்குத்தான் போயிருப்பான். எனக்குத் தெரியும்” என்றார். போய்விட்டார்.

போன் அடிக்கவில்லை. எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தேன், வேலை செய்கிறது. வைத்துவிட்டேன், அந்த நேரம் பார்த்து அடித்தால்?

அந்தோனியாரே, அப்பாவை எடுத்தாச்சு. இவனையும் வேணுமோ? இவரும் ஐசில. ரெண்டு பேரும் ஐசில. கோதாரி விழுந்த எஞ்சினுகள். நான் ஒரு சத்தத்தையும் இனிக் கேக்கமாட்டன், ஒரு சத்தம் நிக்கிறதையும் கேக்கமாட்டன். என்னால ஏலாது. ஏலாது ஏலாது.

எழுதவும் ஏலவில்லை.

பெப்ரவரி 28, ஞாயிறு காலை

இரண்டு பேரும் உயிரோடு. ஆஸ்பத்திரியில்.

மார்ச் 2, செவ்வாய்

தம்பியின் இடக்கையில் இரண்டு விரல் போய்விடும் என்று டொக்டர் சொன்னார். காலுக்கு ஒன்றும் ஆகாதாம். இரண்டு விரல்தானே, கொண்டு போகட்டும். ஆள் இருக்கிறான்.

அவன் சொன்னதை எழுதுகிறேன். வெறும் ஐசில் ரைக்கா கொதித்து நின்றது. ஆறவிட்டு எடுத்தான், திரும்ப நின்றது. நடக்க வெளிக்கிட்டு, காலையில் இல்லாத ஒரு வெடிப்புக்குள் முழங்கால்வரை போய்விட்டான், ஊன்றின இடக்கையும் நனைந்துபோயிற்று. திரும்பி வந்து வண்டியடியில் குந்தி இருந்திருக்கிறான். நித்திரை வந்ததாம். நல்ல சுகமான நித்திரை என்று சொல்கிறான் விசரன்.

“ஒரு டோர்ச் வெளிச்சம் ஆடி ஆடி வந்துது அக்கா. அத்தான். நடந்து வாறார். எனக்குக் கதைக்கவே வாய் வரேல்லை. ‘ஹெல்மர் எங்கை?’ எண்டு கேட்டன். ‘பாதி வழியில நிண்டிட்டுது’ எண்டார். எனக்கு அந்தக் குளிரிலையும் சிரிப்பு வந்திட்டுது. சிரிச்சுச் சிரிச்சு நித்திரை கலைஞ்சு போயிட்டுது.”

இவர் தன் கோட்டைக் கழற்றி அவனைச் சுற்றிக் கட்டிப்பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறார். பொலிஸ்காரர் படகு மாதிரி ஒரு வண்டியில் வந்து இரண்டு பேரையும் ஏற்றும்வரை.

நான் தண்ணீர்ப் போத்தலோடு அறைக்குள் வரும்போது தம்பி கேட்டுக்கொண்டிருந்தான். “அப்ப அப்பாவில பிழையில்லைத்தானே அத்தான்?”

இவர் சன்னலைப் பார்த்தார். பிறகு திரும்பி அவனையே பார்த்துச் சொன்னார்.

“மாமாவில ஒரு பிழையுமில்லை. எஞ்சின் எண்டால் நிக்கும். நான் பூட்டினதும் நிக்கும்.”

தம்பி சின்னப்பிள்ளை மாதிரி அழுதான். நான் வெளியே போய்க் கொரிடோரில் நின்று அழுதேன். ஏழு வருசத்து அழுகை.

மார்ச் 14, ஞாயிறு

பூசை முடிய மண்டபத்தில் எல்லாரும் இவரைச் சூழ்ந்துகொண்டு, இக்னேசியஸின் ஹெல்மர் கதைதான். “ஆனைக்கும் அடி சறுக்கும் எண்டிறது சரிதான் என்ன?” என்று ஒருவர். “நிக்காத எஞ்சின் நிண்டதாமே!” என்று இன்னொருவர். போன வருசமாக இருந்தால் இவர் கோப்பியைக் கீழே வைத்துவிட்டுச் சண்டைக்கு நின்றிருப்பார். இன்றைக்குத் தலையை ஆட்டிச் சிரித்தார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. ஒருத்தருக்கு நல்ல வார்த்தை இரண்டு கொடுத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 28

தம்பி பேஸ்மென்ற்றுக்குத் திரும்பி வந்துவிட்டான். கீழே இரண்டு பேரின் சத்தமும் கேட்கிறது. ரீவியில் ஹொக்கி.

ஏப்ரல் 17, சனி

ஏரியில் ஐஸ் உடைந்துவிட்டது. மீன்குடில் வெள்ளைக்காரர் இரண்டு வண்டியையும் ஐஸ் இருக்கும்போதே கரைக்கு எடுத்து வைத்திருந்தார், வந்து கொண்டுபோகச் சொன்னார். மூன்று பேரும் போனோம். இவரும் தம்பியும் ரைக்காவை டிரெயிலரில் ஏற்றிக்கொண்டு நின்றார்கள், ஒற்றைக் கையால் தம்பி உதவி செய்கிறேன் என்று உபத்திரவம். ஹெல்மர் கொட்டிலுக்குள் நிற்கிறது என்று அந்த மனிசன் என்னைக் கூட்டிப் போனார்.

நல்ல வண்டி, வைத்திருந்தவன் கெட்டிக்காரன் என்றார் அவர். வெடிப்புக்கு இந்தப் பக்கம், கரைப்பக்கம், ஒழுங்காக நிறுத்தி வைத்திருந்ததாம். அந்த வெடிப்பு வண்டியின் பாரத்தைத் தாங்காது, உன் புருஷன் தவழ்ந்துதான் கடந்திருக்கிறான், தடம் பார்த்தேன் என்றார். சாவி அணைத்தபடி இருந்ததாம். அடுத்த நாள் தானே போய் ஒரே ஒரு தரம்தான் கயிற்றை இழுத்தாராம். ஓட்டிக்கொண்டு வந்தாராம்.

நான் ஹெல்மரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இரும்பில் ஒரு கறள் இல்லை.

அவர் குனிந்து கயிற்றுப் பிடியை எடுத்தார், காட்டுகிறேன் பார் என்று. நான் அந்தக் கையின் மேல் என் கையை வைத்துவிட்டேன். வேண்டாம், ப்ளீஸ் என்றேன். மனிசன் என்னை விநோதமாகப் பார்த்தார். பார்க்கட்டும்.

“அக்கா, என்னவாம்?” தம்பி வெளியில் இருந்து கத்தினான். “ஸ்ரார்ட் ஆகுதாமோ?”

கொட்டில் வாசலில் இவர் வந்து நின்றார். கையில் கட்டுகிற கயிறு. என்னையும் பார்த்தார், கிழவரின் கையையும் பார்த்தார். முகத்தில் இரத்தமே இல்லை.

“இல்லையாம்!” என்று கத்தினேன். “செத்துப்போச்சாம். உதிரிச் சாமானுக்குக் கழட்டத்தான் சரி.”

தம்பி வெளியில் சிரிக்கிற சத்தம் கேட்டது.

ஹெல்மரை அந்தக் கிழவருக்கே விட்டுவிட்டு வந்தோம். வரும்போது முன்சீற்றில் இரண்டு பேரும் புல்வெட்டி மெசினுக்கு எந்த எஞ்சின் நல்லது என்று பிடுங்குப்பட்டார்கள். நான் பின்னால் இருந்தேன். வீட்டு வாசலில் இறங்கும்போது இவர் என்னுடைய பையை வாங்கிக்கொண்டார். ஒருநாளும் வாங்காத மனிசன்.