அம்மா பை என்று தெரிந்தும்

என் அன்பு மகளுக்கு,

நாங்கள் இருவரும் இங்கே சுகமாகத்தான் இருக்கிறோம், அப்பாவுக்கு முழங்கால் வலி வழக்கம்போல, எனக்கு வாய் வழக்கம்போல. நீ நன்றாக இருக்கிறாயா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்கும் யோக்கியதை எனக்கு இருக்கிறதா தெரியவில்லை, ஆனாலும் மனசு கேட்கவில்லை, கேட்டுவிட்டேன். பன்னிரண்டு நாளாக உன்னோடு பேசாமல் இருந்தவள் திடீரென்று கடிதம் எழுதுகிறாளே என்று பயந்துவிடாதே, யாருக்கும் ஒன்றுமில்லை. நேற்று நீ அப்பாவிடம் போனில் சொன்னதை அவர் அப்படியே என்னிடம் ஒப்பித்துவிட்டார். பெத்த அம்மாவை அத்தனை பேர் முன்னால அசிங்கப்படுத்தின வேலை எனக்கு வேண்டாம்ப்பா, திங்கட்கிழமை ராஜினாமா எழுதிக் கொடுத்துட்டு வந்துடறேன் என்றாயாம். போனில் பேசினால் பாதியில் அழுது மீதியில் கத்தி, சொல்ல வந்ததைக் கோட்டை விட்டுவிடுவேன், என்னைப் பற்றி உனக்குத் தெரியாதா. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கூரியரில் போட்டால் சனிக்கிழமை கிடைத்துவிடும் என்கிறார்கள். முழுவதையும் படி, அப்புறம் எதை வேண்டுமானாலும் எழுதிக் கொடு.

அன்றைக்குக் காலையில் உன் வீட்டிலிருந்து ஊருக்குக் கிளம்பும்போதே எனக்கு உன்மேல் ஒரு குறை இருந்தது. நான் ஏறுவது நீ வேலை பார்க்கிற அதே விமான நிலையம், ஆனால் வாசல் வரை வந்து வழியனுப்ப உனக்கு முடியாது, லீவு இல்லை, உள்ளே கதவு மூடிய அறையில் உட்கார்ந்து ஊரான் வீட்டுப் பெட்டிகளை எக்ஸ்ரே படத்தில் பார்த்துக்கொண்டிருப்பாய். இதெல்லாம் ஒரு வேலையா என்று டாக்சியில் புலம்பிக்கொண்டேதான் வந்தேன். பெரிய பையைக் கவுண்டரில் கொடுத்துவிட்டுக் கைப்பையோடு உள்ளே போனால் அங்கே ஒரு கூத்து. முழங்காலுக்குத் தடவுகிற தைல டப்பாவை ஒரு அம்மாள் திறந்து மோந்து பார்த்தாள், பக்கத்தில் இருந்தவளை மோந்து பார்க்கச் சொன்னாள், மூன்றாவதாக ஒருவர் வந்து மோந்துவிட்டுத் தும்மினார். நகவெட்டியைப் பிடுங்கிக்கொண்டார்கள். இதை வைத்து நான் விமானத்தையா வெட்டப்போகிறேன் என்று கேட்டேன், அந்த அம்மாள் சிரிக்கவே இல்லை. அப்பாவிடம் சொல்லிச் சிரிக்க ஒரு மூட்டை சேர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தேன், அப்போதுதான் அந்த அபாயச் சங்கு ஊதியது.

எல்லோரையும் வெளியே துரத்திவிட்டார்கள். அறுநூறு, எழுநூறு பேர் இருப்போம், உச்சி வெயிலில் கார் நிறுத்தும் இடத்தில் நிற்கிறோம், கைக்குழந்தைக்காரிகள், சக்கர நாற்காலிக்காரர்கள், ஷூவை டிரேயிலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு குதித்துக்கொண்டிருந்த ஒரு மனுஷர். யாரோ பெட்டியில் வெடிகுண்டு வைத்திருக்கிறானாம் என்று பேசிக்கொண்டார்கள். எதிரே ஒரு வண்டியின் பின்னால் இரண்டு பேர் சேர்ந்து ஒருவருக்குக் குண்டு எடுக்கப் போகிறவர்கள் போடும் அந்தப் பெரிய பச்சை உடையை மாட்டிக்கொண்டிருந்தார்கள், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு மாட்டிவிடுவதுபோல, கையை நீட்டு, காலைத் தூக்கு என்று. எந்தப் படுபாவி வெச்சானோ, அவன் கை விளங்காமப் போக, இந்தப் பிள்ளை முழுசாத் திரும்பி வரணும் என்று வாய்விட்டே சொன்னேன். சொல்லி வாயை மூடவில்லை, இரண்டு காவலர்கள் வந்து என் பெயரைக் கேட்டார்கள்.

இனி எழுதப்போவதை உன் அப்பாவைத் தவிர யாரிடமும் நான் சொல்லவில்லை. தனியாகக் கூட்டிப்போய், பையைக் கட்டியது யார், வேறு யாராவது எதையாவது கொடுத்தார்களா, உள்ளே என்னென்ன இருக்கிறது என்று கேட்டார்கள். கட்டினது நான்தான், யாரும் எதுவும் கொடுக்கவில்லை, துணியும் மெழுகும்தான் என்றேன். நம் மெழுகுவத்தி வேலைக்கு உங்கள் ஊரில் வாங்கிய எட்டு மெழுகுக் கட்டி, அது உனக்கும் தெரியும். ஆனால் உன் வீட்டில் அஞ்சு மாசமாக அடிக்காத காலிங் பெல்லை பேட்டரியும் ஒயருமாகச் சுவரிலிருந்து கழற்றி, ஓடாத உன் அலாரம் டைம்பீஸையும் எடுத்து, மெழுகுக் கட்டிகளுக்கு நடுவே செருகி, அசையாமல் இருக்க டேப் போட்டுச் சுற்றியதை நான் சொல்லவில்லை. மறந்துபோய் இல்லை, நன்றாக ஞாபகம் இருந்தது. ரிப்பேர்க்காரரைக் கட்டிக்கொண்டவள் நான், எந்தச் சாமானையும் தூக்கிப் போட மனசு வராது. எதற்கும்மா இந்தக் குப்பையெல்லாம் சுமக்கறே என்று நீ போன தடவையே கத்தினாய். உனக்குத் தெரியாமல் எடுத்து வந்தது வெளியே வந்துவிடுமே என்ற வெட்கத்தில், அந்தக் காவலர் அழுத்தி அழுத்தி இரண்டு தரம் கேட்டும், துணியும் மெழுகும்தான் என்று சாதித்துவிட்டேன்.

அப்புறம் கட்டடத்தின் கண்ணாடிச் சுவர் வழியாகப் பார்த்தேன். அத்தனை பெரிய கூடத்தில் ஒரே ஒரு ஆள். பச்சை உடையில் மெதுவாக, ஒவ்வொரு அடியாக வைத்து, என் பையை நோக்கிப் போகிறார். அது வெறும் மெழுகு என்று எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. தெரியாமல்தான் நடக்கிறார். ஓடிப்போய்ச் சொல்லிவிடலாமா என்று நாக்கு வரை வந்தது, ஆனால் பயந்து நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன், அதுதான் நிஜம்.

பிறகு, ஆபத்து ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும், உள்ளே கூட்டிப்போய் உன் அறையில் அந்தப் படத்தைக் காட்டினார்கள். நான் கட்டிய பை, ஆனால் நான் பார்த்தே இராத பை. துணியெல்லாம் பனிபோல மங்கலாக, மாத்திரை அட்டையில் ஒவ்வொரு மாத்திரையும் தனித்தனியாக, ரவிக்கையில் எடுக்க மறந்த ஊக்குகூட முள்போலத் தெரிகிறது. நடுவில், வெடிமருந்தும் தெரியுமாமே அதே ஆரஞ்சு நிறத்தில் எட்டுக் கட்டி, அதைச் சுற்றி ஒயர், ஒரு பேட்டரி, ஒரு கடிகாரம். ஒரு பைக்குப் பத்து செகண்டுதான் என்று யாரோ சொன்னார்கள். காலடியில் கிடக்கும் செருப்பைத் தேடி வீட்டைத் தலைகீழாக்குகிற என் மகள் பத்து செகண்டில் இதையெல்லாம் பார்க்கிறாளா என்று மலைத்துத்தான் போனேன். அந்த நேரம் பார்த்து ஒரு சின்னக் காவலர், பை உங்களோடதுன்னு தெரிஞ்சும் உங்க பொண்ணு விடமாட்டேன்னுட்டாங்கம்மா என்றார். அவ்வளவுதான், மலைப்பெல்லாம் போன இடம் தெரியவில்லை. உன் மேலதிகாரி கடிகாரத்தை ஏன் சொல்லவில்லை என்று என்னைக் கேட்டார், நான் வாயைத் திறக்கும் முன் நீ, கிளம்புற அவசரத்துல மறந்திருப்பாங்க சார் என்றாய். நீ கொடுத்த அந்த மறைப்புக்குள் ஒளிந்துகொண்டுதான் நான் உன்னைக் கத்தினேன். அம்மா பைன்னு தெரிஞ்சுமாடி இப்படிப் பண்ணினே, இனிமே எனக்குப் பொண்ணே கிடையாது என்று அத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன். நீ நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாய். அது கண்ணைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது.

விமானத்துக்குக் காத்திருக்கும்போது ஒருவர் வந்து என் மெழுகுக் கட்டிகளையும் பெல்லையும் டைம்பீஸையும் ஒரு அட்டைப்பெட்டியில் போட்டுக் கொடுத்தார். சட்டையைப் பிழிந்தால் ஒரு குடம் வேர்வை வரும், தண்ணீர் பாட்டில் மூடியை எவ்வளவு திருகியும் திறக்க முடியவில்லை. பச்சை உடைக்காரர் அவர்தான். நான் பாட்டிலைத் திறந்து கொடுத்தேன், பக்கத்தில் உட்கார்ந்தார். பையைக் கிழித்து அந்த டேப் சுற்றியதை வெளியே எடுத்த நிமிஷம் டிங் டாங் என்று அடித்ததாம், பதினாறு வருஷ சர்வீஸ்ல கடவுள் வாசல்ல பெல் அடிச்சு நின்னது இன்னிக்குத்தாம்மா என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அப்புறம்தான் மற்றதைச் சொன்னார். பை யாருடையது என்று தெரிந்ததும் உன் மேலதிகாரி, உங்கம்மா பைதானே, சும்மா திறந்து பாத்துட்டு விட்டுடலாம் என்றாராம். நான் சொன்ன பதில் அதற்குள் உங்கள் அறைக்கு வந்துவிட்டதாம். எங்கம்மா பொய் சொல்ல மாட்டாங்க சார், துணியும் மெழுகும்தான்னு சொன்னா அவ்வளவுதான் இருக்கும், அப்ப இந்தக் கடிகாரத்தை வேற யாரோ வெச்சிருக்காங்க, அந்த விமானத்துலதான் எங்கம்மா ஏறப்போறாங்க, விடாதீங்க என்றாயாம். அறையில் இருந்த மற்றவர்களையும் அனுப்பிவிட்டு, படத்தைப் பார்த்தவள் நான்தான் என்று நீ மட்டும் அந்த அறையிலேயே இருந்தாயாம். குண்டுக்குப் பக்கத்தில் ரேடியோ ஆகாதாம், வெடித்துவிடுமாம், ஒயர் போனில்தான் பேச வேண்டுமாம், இடது பக்கம் ஒயர், அதைத் தொடாதீங்க, வலது பக்கமா வெட்டுங்க என்று கடைசி வரை அவரோடு பேசிக்கொண்டே இருந்தது நீதானாம். உனக்கும் அந்தப் பைக்கும் நடுவில் இரண்டு சுவர்தானாம். நிஜக் குண்டா இருந்தா நானும் இல்ல, உங்க பொண்ணும் இல்லம்மா, அவங்க குரல் ஒரு தடவைகூட நடுங்கல என்றார்.

நான் எழுந்து உன் அறைக்கு ஓடினேன், கேட்டில் விடவில்லை, உள்ளே வந்தவர் திரும்பப் போகக் கூடாதாம். கெஞ்சினேன், சண்டை போட்டேன், விமானத்துக்குக் கடைசி அழைப்பு என்று ஏற்றிவிட்டுவிட்டார்கள். அதற்கப்புறம் தினமும் போனை எடுப்பேன், வைத்துவிடுவேன். எந்த வாயால் பேசுவது. அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், எப்படிக் கட்டினே, காட்டு என்றார், மேஜைமேல் அப்படியே அடுக்கிச் சுற்றிக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நாலு பக்கமும் பார்த்தார். நானா இருந்தா தெருவைத் தாண்டி ஓடியிருப்பேன், இவ உட்கார்ந்திருந்திருக்கா என்றார். உன்னை ஒன்பது வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து எழுந்ததற்குப் புகழ்ந்திருக்கிறேன், பரீட்சைக்குப் புகழ்ந்திருக்கிறேன், இதற்கு எனக்கு வார்த்தையே தெரியவில்லையடி. என் வயிற்றில் பிறந்தவளா இவள் என்று நினைக்க நினைக்கப் பிரமிப்பாக இருக்கிறது. நான் ஒரு டைம்பீஸுக்கு வெட்கப்பட்டுப் பொய் சொன்னவள், நீ அந்தப் பொய்யை நம்பி உயிரைப் பணயம் வைத்தவள்.

நீ என்னை அசிங்கப்படுத்தவில்லை கண்ணு. நான்தான் உன்னைக் கைவிட்டேன், என்னை மன்னித்துவிடு. நடந்ததை மறைக்காமல் எழுதிக் கையெழுத்துப் போட்டு உன் மேலதிகாரிக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன், மறதி இல்லை, பொய் என்றே எழுதியிருக்கிறேன், அபராதம் போட்டாலும் சரி, கூப்பிட்டுத் திட்டினாலும் சரி, கேட்டுக்கொள்கிறேன். நீ திங்கட்கிழமை சீக்கிரம் எழுந்து, வெறும் வயிற்றோடு ஓடாமல் எதையாவது சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போ. நீண்ட ஆயுசோடு, கலங்காத கண்ணோடு நீ நன்றாக இருக்க வேண்டும் என்று அப்பாவும் நானும் ஆசீர்வதிக்கிறோம். அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி உன்னிடம் வருகிறேன், டிக்கெட் எடுத்தாயிற்று, பத்து நாள் இருப்பேன். திரும்பும்போது என் பையைப் பார்க்கும் நாற்காலியில் நீ இல்லாமல் வேறு யாராவது உட்கார்ந்திருந்தால், நான் அந்த விமானத்தில் ஏறமாட்டேன்.

உன்னைப் பெற்றவள்,
அம்மா