எழுபதுக்குக் கீழே விடவில்லை

மார்ச் 3

தையல்கார அம்மாவுக்குக் குடலில் கட்டி. இதயத்தின் வால்வு வேறு சுருங்கிக் கிடக்கிறது. இரண்டு மருத்துவமனைகளில் கையை விரித்துவிட்டார்கள். கட்டியை எடுக்காவிட்டால் அதிக நாள் தாங்காது. எடுக்கப் போனால் நான் கொடுக்கும் மயக்க மருந்தே ஆளை முடித்துவிடலாம். ஆனாலும் சரி என்று சொல்லிவிட்டேன். எல்லாம் வாய்க்கொழுப்பு.

மார்ச் 5

மருந்து உள்ளே போனதும் ரத்தக்குழாய்கள் தளரும், அழுத்தம் சரியும். நல்ல இதயம் சமாளித்துக்கொள்ளும். இவருடையது குறுகிய வாசல் வழியாக எவ்வளவுதான் தள்ளும்? கடைசியில் இதயத் தசைக்கே பிராணவாயு போகாது. போன வருடம் ஒரு பெரியவர் இப்படித்தான், என் கண்ணெதிரே — அவசரப்படுத்தியது இப்போதும் கத்தி பிடிக்கப்போகும் அதே சர்ஜன்தான். ஆனால் ஊசி என் கையில் இருந்தது.

மார்ச் 9

ஆபரேஷன் நின்றது. வெறும் வயிற்றோடு வரச் சொன்னதால் அம்மா இதய மாத்திரையையும் விட்டுவிட்டு வந்திருக்கிறார். நாடி நூற்றுப் பதினெட்டு. அந்த ஓட்டத்தில் இதயம் நிரம்பவே நேரமில்லை.

"பச்சைத் தண்ணி கூடக் குடிக்கல டாக்டர்" என்று பெருமை வேறு! தப்பு என்னுடையதுதான். மாத்திரையை ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்கலாம் என்று நான் சொல்லவே இல்லையே.

சர்ஜன் குதித்தார். "இதுக்கெல்லாம் தள்ளிப் போட்டா நான் கடையை மூட வேண்டியதுதான்."

"மூடுங்க சார். இன்னைக்கு நான் மருந்து போட மாட்டேன்."

மாத்திரையை விடாமல் போடச் சொல்லி, ஆபரேஷனைப் பன்னிரண்டாம் தேதிக்குத் தள்ளினேன்.

மார்ச் 11

நாளைக்கு. பயமாத்தான் இருக்கு. அதுக்கென்ன இப்போ?

மார்ச் 12

ஜெயித்துவிட்டேன்!

அம்மா விழித்திருக்கும்போதே மணிக்கட்டு நாடியில் குழாய் வைத்தேன். ஒவ்வொரு துடிப்பின் அழுத்தத்தையும் திரையில் பார்த்தபடி மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன்.

"இன்னும் எவ்வளவு நேரம்?" என்றார் சர்ஜன்.

"நான் சொல்ற வரைக்கும்."

சராசரி அழுத்தம் எழுபத்தொன்றுக்கு இறங்கியது; எழுபதுக்குக் கீழே போனால் அந்த இதயம் தாங்காது. ரத்தக்குழாயை இறுக்கும் மருந்தைக் கொடுத்தேன். எண்பது! மூன்று மணி நேரம் எழுபதுக்குக் கீழே விடவே இல்லை. கட்டி முழுசாக வெளியே வந்தது.

கண் திறந்ததும் அம்மா கேட்டார்: "எப்போ ஆரம்பிப்பீங்க?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

மார்ச் 20

அம்மா நடந்தே வீட்டுக்குப் போனார்.

ஏப்ரல் 2

சர்ஜன் என் அறைக்கே வந்தார். கையில் ஒரு ஃபைல். இன்னொரு இதய நோயாளி, எல்லோரும் மறுத்தவர்.

"நீங்க சொன்னாத்தான் கத்தியைத் தொடுவேன்" என்றார்.

உட்காரச் சொன்னேன்.