நோங்கராய்க் கூற்றத்தின் நடுத்தூணைப் பிடுங்குமாறு விடுத்த ஓலை

மூவுலகும் செவி சாய்க்குக. கடல் அலையடங்கி நிற்குக; பட்டத்து யானைகள் காதாட்டுவதைச் சற்றே நிறுத்துக. இரத்தினசீமா நாட்டின் நோங்கராய்க் கூற்றத்தில் ஒரு மரத்தூண் நடப்பட்டுள்ளது.

வெண்யானையை உடையவராகிய மாமன்னரின் ஆணையைச் சுமக்கும் மகாமந்திரி தேவநரோங், அக்கூற்றத்துத் தலைவர் நரேந்திர பூபால கூற்றரட்சக வீரசங்கிராம லுவாங் பித்தாக் அவர்களுக்கு விடுக்கும் ஓலை. நும் குடி தழைக்க. நும் எருமைகள் பெருக. நும் பட்டப்பெயர் இனியும் நீளாதிருக்க.

நும் பெருமைகூறும் ஓலைக்கட்டு வந்து சேர்ந்தது. சுமந்து வந்தவன் இன்னும் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். வடக்கே மூங்கில் குன்று, அங்கிருந்து வலமாக வரக் கிழக்கே தாசோம் கூற்றம், தெற்கே ஏரியின் மறுகரை, மேற்கே மறுபடியும் தாசோம் கூற்றம் என நான்கெல்லை வகுத்துள்ளீர். நும் ஆட்சிப்பரப்பு தாசோமின் கக்கத்தில் இடுக்கிய துணிமூட்டை என்பதை இதைவிடக் கம்பீரமாக எவராலும் எழுத முடியாது.

வரலாற்றையும் வாசித்தோம். நும் கூற்றம் தெய்வச் சித்தத்தால் உதித்தது என்கிறீர். மழைக்காலத்தில் ஆற்றைக் கடக்கத் தாசோம் அதிகாரி அஞ்சினார். அதனால் அக்கரையை வெட்டிச் சிறு கூற்றமாக்கினோம். அச்சமும் தெய்வம் தந்ததே என்றால் நமக்கு மறுப்பில்லை.

முழுக் கூற்றமாக உயர ஐந்து பற்றுகள், அதாவது ஊர்ப்பிரிவுகள், வேண்டும் என்பது சட்டம். நும்மிடம் இருந்தவை நான்கு. ஆகவே குன்றின்மேல் தேனெடுப்போர் போட்டிருந்த குடிசைகளை ஐந்தாம் பற்று என்று அறிவித்தீர். அவர்களிடம் இதை இன்னும் யாரும் சொல்லவில்லை.

முழுக் கூற்றமானால் அதன் நட்டநடுவில் பொன் பூசிய கொன்றைத் தூண் நாட்டி, காவல் தெய்வத்தைக் குடியேற்றுவது நம் நாட்டு வழக்கம். எல்லைக்கு எல்லை கயிறு பிடித்து அளந்தீர். அந்த நடு, ஏரி மதகின் வாயில் விழுந்தது. வேறு எவரேனும் கயிற்றைச் சற்றுத் தளர்த்தியிருப்பார். நீரோ மதகைச் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு அடைத்து, மேளம் முழங்க அதன்மேல் தூணை நிறுத்தினீர். அன்று முதல் பான்லாய் ஊர் வயல்களுக்குச் சொட்டு நீர் இல்லை. நாற்று பழுத்துக்கொண்டிருக்கிறது, இது போனால் அவ்வூருக்கு இவ்வாண்டு சோறில்லை.

அவ்வூர்த் தலைவி புவாலாய் நும்மிடம் முறையிட்டதை நம் ஒற்றர் கேட்டபடியே எழுதியனுப்பியுள்ளார். "எசமான், நடு எங்க இருக்குன்னு எங்களுக்குத் தெரியாது, தண்ணி எங்க இருக்குன்னு தெரியும். தூணை நாலு முழம் தள்ளி நட்டா சாமிக்கு வீடு தெரியாமப் போயிடுமா?" என்று அவள் கேட்டிருக்கிறாள். நடுவென்பது நகராது என்று நீர் திருவாய் மலர்ந்தீர். "நாத்தும் நகராதுங்க. நின்ன இடத்துலதான் சாகும்" என்றாளாம். பின்னால் நின்ற முதியவர் ஒருவர், "சின்னக் கூற்றமா இருந்தப்போ கஞ்சி குடிச்சோம். பெரிசானதும் பாக்கிறதுக்குத் தூண் கெடைச்சிருக்கு, பாத்துக்கிட்டே பசியாறுங்கடா" என்றதும், கூட்டத்தைக் கலைக்க உத்தரவிட்டீர். அந்த முதியவரை அரசவைக்கு அழைக்கலாமா என்று யோசித்தோம். இங்கே வந்தால் கெட்டுப்போவார் என்று விட்டுவிட்டோம்.

நட்ட தூணைப் பிடுங்குவது தெய்வ நிந்தனை என்று அரச புரோகிதர் அடித்துச் சொல்கிறார். சட்டத்தை வளைப்பது நமக்கும் வழக்கமில்லை. நிமிர்த்தினாலே போதிய சேதம் விளைகிறது. ஆகவே நாம் விதிப்பது யாதெனில், மூங்கில் குன்றும் அதன் குடிசைகளும் இக்கணம் முதல் தாசோம் கூற்றத்தைச் சேரும். தேனெடுப்போரிடம் இதையும் சொல்ல வேண்டியதில்லை. எனவே நும்மிடம் நான்கு பற்றுகளே எஞ்சும். எனவே நும் கூற்றம் மீண்டும் சிறு கூற்றம். சிறு கூற்றத்துக்குத் தூண் வைத்துக்கொள்ளும் உரிமை கிடையாது. உரிமையில்லாத தூணில் தெய்வம் குடியேறியிருக்கவும் முடியாது. புரோகிதர் இதைக் கேட்டு நெடுநேரம் கண்மூடியிருந்து, பிறகு தலையசைத்தார். உறங்கியிருக்கவும் கூடும்.

ஓலை கண்டதும் தூணை அகற்றி, மதகின் அடைப்பை உடைத்து, நீரைத் திறந்துவிடுக. முழுக் கூற்றத் தலைவர் என்று நீர் பெற்ற பல்லக்கும் இரட்டைக் குடையும் அரண்மனைக்குத் திரும்புக. தாமதித்தால் நும் பெயரின் முன்னுள்ள சொற்கள் ஒவ்வொன்றாகப் பறிக்கப்படும். கடைசியில் பித்தாக் மட்டும் மிஞ்சுவார். சூரியனும் சந்திரனும் முறைதவறாது வரும்வரை இவ்வாணை நிற்பதாக. மீன் பொறித்த முத்திரை இட்டோம்.

முத்திரை அரக்கு ஆறுமுன் நும் ஊர்ப் படகோட்டி வந்து சொன்னது: பான்லாய்ப் பெண்கள் எருமை பூட்டித் தூணை மதகின் அடைப்போடு இழுத்துவிட்டார்கள். வயலில் தண்ணீர் நிற்கிறது. தூண் வாய்க்காலுக்குக் குறுக்கே கிடக்கிறது. எல்லோரும் அதன்மேல் நடந்து போகிறார்கள்.