நூற்று நாற்பத்தெட்டாவது மாடி

5.1.2025, ஞாயிறு

தண்ணீர் லாரி வந்தது. இவருடைய அண்ணன் கடை காலண்டரும் வந்தது. எங்களுக்குக் கொடுக்கவில்லை. லாரி டிரைவருக்குக் கொடுத்ததை அவர் எங்கள் வாசலில் மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார்.

வருடா வருடம் 'குப்புராஜ் ஹார்டுவேர்ஸ்' காலண்டரில் முருகன் இருப்பார். இந்த வருடம் முருகன் இல்லை, குப்புராஜ் மாமாவே நிற்கிறார். பக்கத்தில் அவர் மனைவி அங்காளம்மாள் அக்கா, பட்டுச்சேலையும் ஷூவுமாக. பின்னால் நீல வானம், கீழே பொம்மை மாதிரி ஊர், ஓரத்தில் ஒரு பாய்மரப் படகு. வலது மூலையில் பாதி பிட்ட இட்லி போல ஒரு மேகம். அடியில் 'துபாய், புர்ஜ் கலீஃபா, 124வது மாடி' என்று கொட்டை எழுத்தில்.

இவர் அதை ரொம்ப நேரம் பார்த்தார். "கடை போன் நம்பரை இத்தினூண்டு போட்டிருக்காரு. இப்படிப் பண்ணா வியாபாரம் எப்படி நடக்கும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஆனால் தோசை இரண்டோடு எழுந்துவிட்டார்.

நாலு வருடமாகப் பேச்சு இல்லை. பாகம் பிரித்தபோது போர்வெல் அண்ணன் பக்கம் போனது. அன்றைக்கே இரண்டு வீட்டுக்கும் நடுவில் சுவர் எழுந்தது. பெண்களும் பேசக் கூடாதாம். எங்களுக்குள் என்ன சண்டை? எங்களை யாரும் கேட்கவில்லை.

9.1.2025

டீக்கடையில் காலண்டர். ஜெராக்ஸ் கடையில் காலண்டர். இன்று சலூனிலிருந்து பாதி கிராப்போடு வந்துவிட்டார். முன்னால் கண்ணாடி, பின்சுவரில் காலண்டர். அண்ணன் முகத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார முடியவில்லையாம்.

14.1.2025, பொங்கல்

சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு பானை, அந்தப் பக்கம் ஒரு பானை. அவர்களுடையது முதலில் பொங்கிவிட்டது. இவர் என்னை முறைத்தார். பாலை நானா நிறுத்தி வைத்தேன்?

19.1.2025, ஞாயிறு

சாப்பிடும்போது தீனாவிடம் கேட்டார்: "அந்த பில்டிங்ல எத்தனை மாடிடா?"

தீனாவுக்கு ஓ.எம்.ஆரில் ஐ.டி. வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் எங்கள் மகன். போனைப் பார்த்துச் சொன்னான். "மேல போய் பாக்கறதுக்கு 148 வரைக்கும் டிக்கெட் தராங்கப்பா."

ரசம் சாதம் பிசைந்த இவர் கை அப்படியே நின்றது. "அப்ப உங்க பெரியப்பா பாதியிலயே இறங்கிட்டாரா?"

"பாதி இல்லப்பா, 124—"

"முழுசா ஏறலல்ல."

முடிந்தது. போகிறோம். என்னிடம் யாரும் கேட்கவில்லை. ஆனால் இங்கே எழுதி வைக்கிறேன்: எனக்கும் போக வேண்டும். மீனம்பாக்கத்தில் இறங்குகிற விமானம் எல்லாம் எங்கள் தலைக்கு மேலேதான் போகிறது. இருபத்தெட்டு வருடமாக அதன் அடிவயிற்றை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

2.2.2025

தாம்பரத்தில் டிராவல்ஸ். நடத்துபவர் சூர்யநாராயணன் என்று ஒருவர். நெற்றியில் நாமம், இரண்டு காதிலும் இரண்டு போன்.

"உங்க பிரதர் இங்கதான் சார் புக் பண்ணாரு."

"அவரு என்ன எடுத்தாரு?"

"அதெல்லாம் நாங்க சொல்லக் கூடாது சார்" என்றவர், மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னார். அவர்களுக்கு மூன்று நட்சத்திர ஹோட்டலாம். இவர் நாலு எடுத்தார். அவர்களுக்குப் பாலைவனத்தில் ஜீப் மட்டும். "ஒட்டகம் உங்க அண்ணன் எடுக்கல சார்." இவர் ஒட்டகத்தை எடுத்தார். அப்புறம் படகு, அப்புறம் ஏதோ பூந்தோட்டம். அண்ணன் எடுக்காததை எல்லாம் எடுத்துக்கொண்டு வெளியே வந்தோம்.

மேடவாக்கம் கூட்ரோட்டில் வண்டி அசையவே இல்லை. இவருக்குக் கோபம் வரவில்லை. "ஒட்டகத்துல ஏறாம துபாய் போயிட்டு வந்தாராம்" என்று தனக்குத்தானே சிரித்துக்கொண்டார்.

16.2.2025

சுவர் கீழேதான். மொட்டை மாடியில் இரண்டு வீட்டுக் கைப்பிடிச் சுவருக்கும் நடுவில் கை நீட்டினால் எட்டும். நாலு வருடமாக அக்காவும் நானும் துணி காயப்போடும்போது பார்த்துக்கொள்வோம், அவ்வளவுதான். இன்று நானே கேட்டுவிட்டேன்.

"அக்கா, அங்க செருப்பு போதுமா, ஷூ வாங்கணுமா?"

அக்கா முதலில் மாடிப்படியைப் பார்த்தாள். பிறகு என்னை. "ஷூவே போட்டுக்கோ. சேலைக்குக் கேவலமாத்தான் கீது. ஆனா காலு வலிக்கல."

27.2.2025

தினமும் பேசுகிறோம். ஸ்வெட்டர் வேண்டும், உள்ளே ஏ.சி. எலும்பைத் துளைக்கும். ஊறுகாயை மூன்று கவரில் கட்ட வேண்டும். பெட்டிக் கைப்பிடியில் சிவப்பு ரிப்பன் கட்ட வேண்டும்.

"நம்ம வீட்ல தினமும் எப்படி இவ்வளவு துணி சேருது?" என்று இவர் கேட்டார். காய்ந்ததையே மறுபடி நனைத்து எடுத்துக்கொண்டு போகிறேன்.

9.3.2025, ஞாயிறு

இன்று கேட்டேன். "மேல நின்னு பாக்கறப்ப எப்படிக்கா இருந்துச்சு?"

அக்கா ஒரே துண்டை மூன்று தடவை உதறினாள். "ஏறலடி ஹேமா."

எனக்குப் புரியவில்லை.

"உங்க மாமாவுக்கு லிஃப்ட் கதவு தொறந்ததும் வேர்த்து ஊத்திடுச்சு. நெஞ்ச புடிச்சிகினு அங்கயே குந்திட்டாரு. நெஞ்சுக்கு இன்னா, ஒண்ணும் இல்ல. பயம். கூட வந்த கைடு பொண்ணு என்கிட்ட, நீங்களாச்சும் போயிட்டு வாங்கம்மானு சொல்லிச்சு. இந்த மனுசன் என் முந்தானைய வுடவே இல்ல."

"அப்ப போட்டோ?"

"அது கீழயே எடுக்கறாங்க. பச்சைத் துணிக்கு முன்னாடி நிக்க வெச்சு. வானம், ஊரு எல்லாம் அவங்களே பின்னாடி ஒட்டித் தராங்க."

துண்டைக் கொடியில் போட்டுவிட்டு அக்கா கைப்பிடிச் சுவருக்குக் கிட்டே வந்தாள்.

"யார்கிட்டயும் சொல்லிடாத. உன் வூட்டுக்காரர் காதுல உழுந்தா தெருவுக்குத் தெரு மைக் கட்டிடுவாரு."

கட்டுவார்தான். சத்தியம் செய்து கொடுத்தேன். கிளிப்பை எடுத்துக்கொண்டு போனவள் திரும்பி வந்தாள். "நீ நல்லா பாத்துட்டு வா. வந்து எனக்குச் சொல்லு. எப்படி கீதுன்னு."

10.3.2025

சாப்பிடும்போது மறுபடி காலண்டர் புராணம். டீக்கடை சவுரிமுத்து அண்ணன் அதைக் கழற்ற மாட்டேன் என்கிறாராம். எனக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஒரு வார்த்தை போதும். இந்த மனுஷர் இன்றே குணமாகிவிடுவார். சாதத்தைப் போட்டு வாயை அடைத்துக்கொண்டேன்.

அக்காவுக்காகத்தான் சொல்லவில்லையா? இல்லை, சொன்னால் பயணம் நின்றுவிடும் என்றா? — இரண்டும்தான். எது அதிகம் என்று யோசிக்க வேண்டாம்.

27.4.2025

கோட்டு தைத்து வந்துவிட்டது. நாற்பது டிகிரி ஊருக்குக் கோட்டு. போட்டுக்கொண்டு ஹாலில் இரண்டு தடவை நடந்தார். தீனா சிரிக்காமல் இருக்கத் தண்ணீர் குடித்தான்.

இன்னொன்று. இவர் நண்பர் ரவி அச்சுக்கடை வைத்திருக்கிறார். ஃப்ளெக்ஸ் இப்போதே தயாராகிவிட்டது. 'உலகின் உச்சியைத் தொட்டுத் திரும்பிய எங்கள் தயாளன் அவர்களே, வருக வருக.' கீழே '148' என்று ஓர் ஆள் உயரத்துக்கு. படத்துக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறார்கள்.

"இன்னும் போகவே இல்லையே" என்றேன்.

"போயிட்டு வந்து அடிச்சா லேட் ஆயிடும்."

20.5.2025

விமானத்தில் ஜன்னல் சீட்டு எனக்கு. இவர் கேட்டார், நான் கொடுக்கவில்லை.

21.5.2025

ஒட்டகம் இவரைக் கீழே தள்ளவில்லை. இன்றைய செய்தி அதுதான்.

22.5.2025, வியாழன்

காலையிலிருந்தே மணற்காற்று. ஆகாயம் பழைய போர்வை நிறத்தில் இருந்தது. எங்களைக் கூட்டிப்போன வழிகாட்டிப் பெண் ஈவ்லின், நாகர்கோவில்காரி, பக்குவமாகத்தான் சொன்னாள். "சார், இன்னைக்கு மேலே போனா ஒண்ணும் தெரியாது. வேற நாளைக்கு மாத்த முடியுமான்னு கேட்கட்டுமா?"

நாளை விடியற்காலை விமானம். "அதெல்லாம் தெரியும்மா. நல்ல கண்ணு எனக்கு" என்றார்.

லிஃப்டில் காது அடைத்தது. இவர் என் கையைப் பிடித்தார். நாலு பேர் முன்னால் இவர் என் கையைப் பிடித்ததே இல்லை. உள்ளங்கை ஐஸ் மாதிரி இருந்தது. இவருக்கும் பயம்தான். ஆனால் விடவில்லை, நின்றார். அதைச் சொல்லியாக வேண்டும்.

கதவு திறந்தது. பேரீச்சம்பழமும் காபியும் கொடுத்தார்கள். சுற்றிலும் கண்ணாடி. கண்ணாடிக்கு வெளியே — ஒன்றும் இல்லை. வெள்ளைவெளேர் என்று, பால் டம்ளருக்குள் நிற்பது போல.

இவர் நெற்றியைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பார்த்தார்.

"அது கடலா?"

"தெரியலங்க."

"அதோ, கோடு மாதிரி. ரோடுதான?"

"கண்ணாடியில கீறல்."

பிறகு சோபாவில் உட்கார்ந்துவிட்டார். கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "யார்கிட்டயும் சொல்லாத" என்றார், ரொம்ப மெதுவாக. எனக்கு இன்னொரு சத்தியம்.

பாவமாக இருந்தது. ஆனால் — யாரும் படிக்கப் போவதில்லை, எழுதலாம் — எனக்குப் பிடித்திருந்தது. லாரி இல்லை, குக்கர் இல்லை, காலிங் பெல் இல்லை. பார்க்கவும் ஒன்றும் இல்லை. சும்மா நின்றேன். இன்னொரு பேரீச்சம்பழம் எடுத்துக்கொண்டேன்.

கீழே வந்ததும் இவர் நேரே பச்சைத் துணிக்குப் போனார். என்னையும் இழுத்து நிறுத்தினார். திரையில் படம் வந்தது. நீல வானம், பொம்மை ஊர், பாய்மரப் படகு. வலது மூலையில் பாதி பிட்ட இட்லி.

நான் இவரைப் பார்த்தேன். இவர் கோட்டு எப்படி விழுந்திருக்கிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். "இதுதான். இதையே கொடுங்க" என்றார்.

25.5.2025, ஞாயிறு

டீக்கடைக்கு எதிரே ஃப்ளெக்ஸ். இவர் அதன் அடியிலேயே நின்று ஊருக்கெல்லாம் கதை சொல்கிறார். "கப்பல்லாம் எறும்பு மாதிரிங்க."

நனைத்த துணியோடு மாடிக்குப் போனேன். அக்கா முன்னாலேயே வந்து நின்றிருந்தாள், கையில் துணிகூட இல்லாமல். அவளுக்காக விமானத்திலேயே ஒரு கதை தயார் செய்திருந்தேன். கடல் இப்படி, ஊர் அப்படி, ராத்திரி விளக்கு போட்டால் அட்டிகை மாதிரி என்று.

"சொல்லுடி" என்றாள். அந்த முகத்தைப் பார்த்துக் கதை வரவில்லை.

"ஒண்ணும் தெரியலக்கா. மணல் காத்து. எல்லாம் வெள்ளையா இருந்துச்சு. பேரீச்சம்பழம் குடுத்தாங்க."

அக்கா என்னையே பார்த்தாள். "அப்ப ஃப்ளெக்ஸுல கீற வானம்?"

"உங்க காலண்டர்ல இருக்கிற அதே வானம்தான்."

அக்கா தண்ணீர்த் தொட்டிப் படியில் உட்கார்ந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். எனக்கும் நிற்கவில்லை. எத்தனை வருடமாயிற்று இவள் சிரிப்பைப் பார்த்து.

28.5.2025, புதன்

சாயங்காலம் கேட் சத்தம். குப்புராஜ் மாமா. நாலு வருடத்தில் முதல் தடவை.

டீக்கடையில் உட்கார்ந்திருந்தாராம். சவுரிமுத்து அண்ணன் கடைக்குள் இருக்கும் காலண்டரையும் வெளியே இருக்கும் ஃப்ளெக்ஸையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறார்: "ரெண்டு பேரும் ஒரே நாள்லயா போனீங்க? அதே மேகம் நிக்குதே." கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டாராம்.

இவர் பனியனோடு வெளியே வந்தார். மாமா வாசலிலேயே நின்றார்.

"தயா, நீ மேல போனியா?"

"போனேன்."

"நெஜமா?"

இவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். "நெஜமாத்தான் போனேன். ஒரு மண்ணும் தெரியல. தூசி."

மாமா தலையாட்டிக்கொண்டே இருந்தார். இவர் கேட்டார்: "நீ?"

"நான் லிஃப்டுலயே ஏறலடா. ஒசரம் எனக்கு ஆகாது. உனக்குத் தெரியாதா? சின்ன வயசுல பக்கத்து வூட்டு மச்சுலேர்ந்து என்னை நீதான எறக்கி வுட்ட."

இப்போது சிரிக்கப் போகிறார், தெருவைக் கூட்டப் போகிறார் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். இவர் சிரிக்கவில்லை.

"அண்ணி?"

"அவளையும் நான் போவ வுடல."

இவர் நாற்காலியில் கிடந்த செய்தித்தாளை எடுத்துவிட்டு, "உள்ள வந்து உக்காருண்ணா" என்றார்.

29.5.2025

ஃப்ளெக்ஸைக் காணோம். காற்றில் பறந்துவிட்டதாம். நேற்று இலைகூட அசையவில்லை. மாமா கடையில் மீதி வருடத்துக்குப் புதுக் காலண்டர், பழையதைக் கொடுத்தால் இலவசம். முருகன் திரும்பி வந்துவிட்டார். இந்த மாதிரி ரகசியம் காப்பதில் அண்ணன் தம்பிக்குள் இவ்வளவு ஒற்றுமை என்று அவர்கள் அப்பாவுக்குத் தெரிந்திருந்தால் பாகமே பிரித்திருக்க மாட்டார்.

15.6.2025

தினமும் சாயங்காலம் மாமா வருகிறார். தண்ணீர் லாரி வந்தால் அவரே ஓஸைப் பிடித்துக் கொடுக்கிறார். போர்வெல்லைப் பற்றி இருவரும் பேசவில்லை.

6.7.2025, ஞாயிறு

சூர்யநாராயணன் வீட்டுக்கே வந்துவிட்டார். கோலாலம்பூராம். "அங்க ரெண்டு கோபுரம் சார், அண்ணனுக்கு ஒண்ணு, உங்களுக்கு ஒண்ணு."

"நீ ஏறு தயா. நான் கீழ நின்னு உன்னைப் பாத்துக்கறேன்" என்றார் மாமா. நாலு டிக்கெட் போடச் சொன்னார்கள்.

"எனக்கு முட்டி வலி" என்றாள் அக்கா.

"எனக்கும்" என்றேன்.

இரண்டு பேரும் எங்கள் முட்டிகளைப் பார்த்தார்கள். சூர்யநாராயணன்கூடப் பார்த்தார்.

19.7.2025, சனி

மாமாவும் ஒரு கோட்டு தைத்துக்கொண்டார். விடிவதற்குள் இரண்டு கோட்டுகளும் ஏர்போர்ட்டுக்குக் கிளம்பின. தீனா அலுவலக நண்பர்களோடு பாண்டிச்சேரி.

ஒன்பது மணிக்கு அக்கா முன்வாசல் வழியாக வந்தாள். முட்டி நன்றாக இருக்கிறதாம். எனக்கும் நன்றாகத்தான் இருக்கிறது. ஃபேனுக்கு அடியில் பாய் விரித்து ஆளுக்கொரு பக்கம் படுத்தோம். ஏதோ பேசினோம், அப்புறம் பேசவில்லை.

பன்னிரண்டாகப் போகிறது. அக்கா தூங்குகிறாள். அடுப்பை இன்னும் பற்றவைக்கவில்லை.