எந்தத் தெரு?

அக்கா,

நிலையத்து அலமாரியைத் திறந்ததும் பூஞ்சை வாடை முகத்தில் அடித்தது. சாரலில் ஊறிய பழைய கேசட்டுகள். நம் கேபிள் டிவியின் ஞாயிறு பாட்டு நிகழ்ச்சிக்கு இருபது வயதாம். சிறப்பு ஒளிபரப்புக்குப் பழைய காட்சிகளை எடுக்கச் சொல்லியிருந்தார் முதலாளி.

முதலில் அதை நடத்தியவர் மைக்செட் கடை அண்ணாச்சி. கோழி, ரயில், தலைவர்கள் என எல்லாக் குரலிலும் பேசுவார். அவருக்குத் தொண்டை போனதும் நீங்கள் வந்தீர்கள். வாரமெல்லாம் தென்காசி ஜவுளிக்கடையில் சேலை விரித்துக் காட்டிவிட்டு, ஞாயிறு கேமரா முன் நிற்பீர்கள். ஒரு கேசட்டில் ஐந்தருவி. குடையைக் கேமராவுக்குப் பிடித்துவிட்டு, நனைந்தபடி சிரித்துப் பேசுகிறீர்கள்.

போனில் பாட்டுக் கேட்பவர்களிடம் பேர், ஊர், தெரு கேட்பது அண்ணாச்சி காலத்து வழக்கம். இங்கே தெருவைச் சொன்னால் சாதியைச் சொன்னதுபோல. ஒருநாள் பண்பொழிப் பெண்ணொருத்தி தன் தெருவைச் சொன்னாள். அடுத்து அழைத்தவன், "அந்தத் தெருவுக்குப் பாட்டு ஒரு கேடா?" என்று நேரலையில் சிரித்தான். இணைப்பைத் துண்டித்தீர்கள். அன்றோடு தெரு கேட்பதையும் விட்டீர்கள்.

முதலாளிக்குப் புகார்கள் போயின. "நீ பாட்டுப் போடுதியா, சண்டை இழுக்கியா?" என்றார்.

"பாட்டுக்கு எதுக்கு மொதலாளி தெரு?"

அடுத்த ஞாயிறு, உங்களுக்கு உடம்பு சரியில்லை என்று நேயர்களிடம் பொய் சொன்னவன், அதுவரை போன் எடுத்துக்கொண்டிருந்த நான். உங்கள் நாற்காலியில் உட்கார்ந்து தெரு கேட்டவனும் நான்தான். எனக்கு வேலை வேண்டியிருந்தது. பிறகொரு நாள் பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோது, "நல்லாத்தாம்லே பேசுத," என்றீர்கள். திட்டியிருக்கலாம்.

மாசியில் மாரடைப்பில் போய்விட்டீர்கள். சிறப்பு ஒளிபரப்புக்கு முதலாளி தந்த தாளில் அண்ணாச்சிக்கு அடுத்து என் பெயர். உங்களைக் காணோம். கேட்டேன்.

"போய்ச்சேந்தவள எதுக்குலே இழுக்கே? எழுதினத வாசி."

நேரலையில் உங்கள் பெயரைச் சேர்த்து வாசித்தேன். உங்களை ஏன் நிறுத்தினோம் என்று சொல்ல மட்டும் வாய் வரவில்லை. முதல் அழைப்பு புளியறையிலிருந்து. பேரும் ஊரும் கேட்டு நிறுத்தினேன். அந்தப் பெண் காத்திருந்தாள்.

"தெரு கேக்கலியாண்ணே?"

"வேண்டாம்மா. பாட்டச் சொல்லு."

கண்ணாடிக்கு அப்பால் முதலாளி எழுந்து நின்றார். அடுத்த ஞாயிறு எனக்கும் உடம்பு சரியில்லாமல் போகலாம். போகட்டும்.

ஒன்றுதான் மனதைவிட்டுப் போக மாட்டேன் என்கிறது. உங்கள் இடத்தில் உட்கார்ந்த அன்று முதலில் அழைத்த பெரியவர், தெருவைச் சொல்லுமுன் கொஞ்சம் தயங்கினார். நான், "சத்தமாச் சொல்லுங்க," என்றேன்.